ஒரு பழம், நான்கு சரக்கு: ஜப்பானின் யுசுவும் அழகுப் பொருள் வியாபாரமும்



மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, குளியல் பொருள்கள் ஆகியவற்றுக்கென்று தனி அலமாரி இல்லாத கடை இன்று குறைவு. அந்த அலமாரியில் சில ஆண்டுகளாக ஜப்பான், கொரியா நாட்டுச் சரக்குகளும், அந்த மாதிரியில் செய்த சரக்குகளும் இடம் பிடித்து வருகின்றன. அவற்றின் அட்டையில் மஞ்சள் நிறப் பழம் ஒன்றின் படமும், 'யுசு' என்ற பெயரும் இருப்பதைப் பார்க்கலாம். கொரிய நாட்டுச் சரக்கானால் 'யுஜா' என்றிருக்கும். இரண்டும் ஒரே பழம்தான்.

"அண்ணாச்சி, இது என்ன பழம்? முகத்துக்கு நல்லதா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நாம் என்ன சொல்வது? "வெளிநாட்டு எலுமிச்சம்பழம், ரொம்ப நல்லது" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சரக்கைப் பற்றித் தெரியாமல் கொடுக்கும் நற்சான்று, ஆள் தெரியாமல் கொடுக்கும் கடனைப் போன்றது. திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் போனது நம் முதல். இங்கே முதல் என்பது பணமல்ல, வாடிக்கையாளர் நம் வார்த்தையின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. ஆகவே இந்தப் பழம் எங்கே விளைகிறது, அதிலிருந்து என்னென்ன சரக்கு பிரிகிறது, அட்டையில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பழத்தின் வரலாறு

யுசு எலுமிச்சை, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்தது. தாவர நூலில் இதன் பெயர் சிட்ரஸ் ஜூனோஸ். சீன நாட்டில் தோன்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. இந்த இனத்தில் பெரும்பாலான மரங்கள் கடுங்குளிரில் பட்டுப்போகும். யுசு, பூஜ்யத்துக்குக் கீழே 7, 8 டிகிரி வரை குளிர்ந்தாலும் தாங்கும். பழம் சிறிய ஆரஞ்சு அளவு இருக்கும். தோல் தடித்து மேடுபள்ளமாக இருக்கும். சாறு குறைவு, விதை அதிகம். மரமெல்லாம் நீண்ட முள்.

விதை போட்டு முளைக்க வைத்தால் காய்க்க நெடுங்காலம் ஆகும். மற்ற மரங்கள் மூன்று ஆண்டிலும் எட்டு ஆண்டிலும் பலன் தர, யுசு என்னும் மடையனுக்குப் பதினெட்டு ஆண்டு வேண்டும் என்ற பொருளில் ஜப்பானியரிடம் ஒரு பழமொழியே உண்டு. இப்போது ஒட்டுக்கட்டி வளர்ப்பதால் சில ஆண்டுகளிலேயே காய்ப்புக்கு வந்துவிடுகிறது. நவம்பர் மாதத்தையொட்டிப் பழம் மஞ்சளாகப் பழுக்கிறது.

ஜப்பானில் ஆண்டுக்குச் சுமார் 20,000 டன்னுக்கு மேல் யுசு விளைகிறது. அதில் ஏறத்தாழ பாதி கோச்சி மாவட்டத்தில் விளைவது. இது நம் கேரளத்துக் கொச்சி அல்ல. ஜப்பானின் சிகோகு தீவில் உள்ள மலை மாவட்டம். அங்கே கிதாகாவா என்ற சிற்றூரில் பிறந்தவர் நகாவோகா ஷிந்தாரோ. 1838இல் பிறந்து 1867இல் கொல்லப்பட்ட அரசியல் தலைவர். உப்பு அரிதாக இருந்த தம் ஊர் மக்களுக்குச் சமையலில் சுவை சேர்க்க யுசு பயிரிடும்படி ஊக்குவித்தவர் அவரே என்று அவ்வூரார் போற்றுகிறார்கள்.

முதலில் வந்தது குளியல்

அழகுப் பொருள் கம்பெனிகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே ஜப்பானியர் யுசுவை உடம்புக்குப் பயன்படுத்தினார்கள். டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள். அன்று வெந்நீர்த் தொட்டியில் யுசுப் பழங்களை முழுசாகவோ துணிப்பையில் கட்டியோ மிதக்கவிட்டுக் குளிப்பது வழக்கம். அப்படிக் குளித்தால் அந்தக் குளிர்காலத்தில் சளி பிடிக்காது என்பது நம்பிக்கை. 1603 முதல் 1868 வரை நீடித்த எதோ ஆட்சிக் காலத்தில் பொதுக் குளியல் கடைகள் இந்த வழக்கத்தைப் பரப்பின. அந்த நாளுக்கு ஜப்பானிய மொழியில் 'தோஜி' என்று பெயர். வெந்நீர் ஊற்றில் நீராடி நோய் தீர்ப்பதற்கும் 'தோஜி' என்றே பெயர். பெயர்ப் பொருத்தத்தையும் பண்டிகையையும் சேர்த்துக் கூட்டம் சேர்த்த அந்தக் காலத்துக் குளியல் கடைக்காரர்கள் வியாபாரத்தில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

இன்னொரு வழக்கம் வீட்டுப் பெண்களுடையது. யுசு விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு பசை இருக்கும். ஜாம் செய்யும்போது கெட்டிப்படுத்த உதவும் பெக்டின் என்ற பொருள்தான் அது. சமையலில் மிஞ்சும் விதைகளைச் சாராயத்தில் ஊறப்போட்டால் நீர் கொழகொழப்பாகும். குளிர்காலத்தில் வெடிக்கும் கைகளுக்கு அதைத் தடவிக்கொள்வார்கள். இன்று கண்ணாடிப் புட்டியில் வரும் யுசு சரக்குகளுக்கு முன்னோடி, அடுப்படியில் செய்த இந்தக் கைமருந்துதான்.

விலைபோகாத பழம் ஊரைக் காப்பாற்றியது

கோச்சி மாவட்டத்தில் உமாஜி என்றொரு கிராமம். பரப்பளவில் 96 சதவீதம் காடு. மக்கள்தொகை இன்று ஆயிரத்துக்கும் கீழே. மரம் வெட்டிப் பிழைத்த ஊர். மரத்தொழில் நலிந்தபோது மாற்று வழியாக 1960களில் யுசு பயிரிட்டார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை. மருந்தடித்து, காய் கழித்து, பளபளப்பான பழமாக்கிச் சந்தைக்கு அனுப்ப முடியவில்லை. புள்ளியும் தழும்புமாக இருந்த பழத்துக்குச் சந்தையில் மதிப்பு இல்லை. முழுப் பழமாக விற்றால் கண்ணுக்கு அழகானதுதானே விலைபோகும்!

அவ்வூர் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் வேறு வழி பிடித்தது. பழமாக விற்காமல் பிழிந்து விற்றார்கள். யுசு சாறும் சோயா சாறும் சேர்ந்த 'பொன்சு' என்னும் தொடுசாறு 1988இல் தோக்கியோவில் ஒரு பெரிய அங்காடி நடத்திய கிராமப் பொருள் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது. அதே ஆண்டு யுசுவும் தேனும் கலந்த ஒரு குடிநீரையும் புட்டியில் கொண்டுவந்தார்கள். ஊரின் பெயரையே சரக்கின் பெயரில் சேர்த்தார்கள். தபால் மூலம் நேரடியாக வீடுகளுக்கு விற்றார்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தச் சிற்றூரின் யுசு விற்றுமுதல் ஆண்டுக்கு 300 கோடி யென் என்ற அளவை எட்டியது.

இங்கேதான் அழகுப் பொருளின் கதை தொடங்குகிறது. யுசுவில் சாறு ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். நூறு மூட்டை பிழிந்தால் எண்பது மூட்டைக்கு மேல் தோலும் சக்கையும் விதையும் மிஞ்சும். சாறு வியாபாரம் பெருகப் பெருகக் கழிவும் மலையாகும். அதை அப்புறப்படுத்தவே செலவு. அரிசி ஆலைக்காரர் தவிட்டையும், எண்ணெய்ச் செக்குக்காரர் பிண்ணாக்கையும் எப்படிக் காசாக்குகிறாரோ, அப்படி இந்தச் சக்கையைக் காசாக்கும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. தோலிலிருந்து வாசனை எண்ணெய், விதையிலிருந்து பூச்செண்ணெய் என்று உமாஜி சங்கமே தன் ஊர் பெயரில் அழகுப் பொருள்களும் செய்யத் தொடங்கியது. சந்தையில் அழகில்லை என்று ஒதுக்கிய பழம், பிறருக்கு அழகு தரும் சரக்காக வெளியே போகிறது.

நான்கு சரக்கு எவை?

இனி நம் அலமாரிக்கு வருவோம். அட்டையில் 'யுசு' என்று ஒரே சொல்லாக இருந்தாலும், உள்ளே இருப்பது நான்கில் ஏதாவது ஒன்றாகவோ, சிலவற்றின் கலப்பாகவோ இருக்கும்.

முதலாவது, தோல் எண்ணெய். பழத்தோலில் கண்ணுக்குத் தெரியும் சிறு பைகளில் இருப்பது. தோலை அழுத்திப் பிழிந்தோ, ஆவியில் வடித்தோ எடுப்பார்கள். நூறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோகூடத் தேறாது. அதனால் விலை அதிகம். இதில் பெரும்பங்கு லிமோனின் என்ற பொருள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலும் அதுவேதான். இது மணத்துக்கான எண்ணெய். ஒரு துளியைத் தாளில் விட்டால் பெரும்பகுதி ஆவியாகிப் பறந்துவிடும்.

இரண்டாவது, விதை எண்ணெய். ஒரு பழத்தில் இருபது முப்பது விதைகூட இருக்கும். காயவைத்து ஆட்டினால் எண்ணெய் வரும். இது நல்லெண்ணெய், கடலெண்ணெய் வகையைச் சேர்ந்தது. தாளில் விட்டால் கறை நிற்கும். தோல் வறட்சிக்குப் பூசிக்கொள்ள உதவும். மணம் மிகக் குறைவு. "யுசு எண்ணெய் என்கிறார்கள், வாசனையே இல்லையே" என்று வாடிக்கையாளர் குறை சொன்னால், அது விதை எண்ணெயா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சாரம். அட்டையில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று போட்டிருப்பது இதுதான். பழத்தையோ தோலையோ விதையையோ தண்ணீர், ஆல்கஹால், பியூட்டிலீன் கிளைகால் போன்ற திரவத்தில் ஊறவைத்து, கரைந்து இறங்குவதை வடிகட்டி எடுப்பது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான்காவது, வாசனை மட்டும். யுசு மணம் வரும்படி பல வாசனைப் பொருள்களைச் சேர்த்துச் செய்த கலவை. இதில் யுசுப் பழம் இருக்கலாம்; ஒரு துளிகூட இல்லாமலும் இருக்கலாம். யுசுவின் தனி மணத்துக்குக் காரணமான பொருள்களை வேதியியலாளர்கள் தேடித் தேடிப் பிரித்திருக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடித்த ஒன்றுக்கு 'யுசுனோன்' என்று பெயரே சூட்டி 2009இல் ஆய்வு வெளியிட்டார்கள். மணத்தைப் பழமில்லாமலே கட்ட முடியும் என்பது இதனால் விளங்கும். இது தவறான சரக்கு என்று சொல்லவில்லை. ரோஜா மணச் சோப்பில் ரோஜாவை யாரும் தேடுவதில்லை. வாசனைச் சரக்கை வாசனைச் சரக்கு என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. பழச் சரக்கு என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

பெருங்காயக் கணக்கு

சாரம் என்ற சொல்தான் அதிகம் ஏமாற்றும் சொல். சாரம் என்றதும் பழத்தையெல்லாம் சுண்டக் காய்ச்சிய சத்து என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு.

நமக்குத் தெரிந்த உதாரணம் கூட்டுப் பெருங்காயம். டப்பாவில் பெருங்காயம் என்றுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே பெரும்பங்கு மாவும் கோந்தும். பால் பெருங்காயம் அதில் ஒரு பங்குதான். இது கலப்படமல்ல, சரக்கின் இயல்பே அது. வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிற நமக்கும் தெரியும்.

யுசு சாரமும் அப்படித்தான். அழகுப் பொருள் தொழிற்சாலைக்கு டிரம்மில் வரும் சாரத்தில் பெரும்பங்கு ஊறவைத்த திரவமே. பழத்திலிருந்து இறங்கிய பொருள் அதில் மிகச் சிறு பங்கு. அந்தச் சாரத்தையும் தொழிற்சாலைக்காரர் முகப்பூச்சில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ சேர்ப்பதே பெரும்பான்மை வழக்கம். சிறு பங்கின் சிறு பங்கு என்று கணக்குப் போட்டால் கடைசியில் புட்டியில் எவ்வளவு பழம் இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஈரப்பதம் காக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கிளிசரினும் பியூட்டிலீன் கிளைகாலும்தான். அவை விலை மலிவான, நெடுநாள் பழகிய, நல்ல பொருள்கள். ஆனால் அட்டையில் கிளிசரின் டிரம்மின் படம் போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் பழத்தின் படம் வருகிறது.

ஆகவே 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற சொல்லுக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுத்துக் கொள்முதல் செய்யும் முன் யோசிக்க வேண்டும். விதை எண்ணெய் கணிசமாகச் சேர்ந்த சரக்கு என்றால் விலைக்கு நியாயம் உண்டு. சாரம் என்ற பெயர் மட்டும் என்றால் அந்தக் கூடுதல் விலை அட்டைக்குத்தான்.

ஜப்பானில் என்ன கட்டுப்பாடு?

இந்த ஏமாற்றத்தைத் தடுக்க அந்த நாட்டார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவது நல்லது. 2001 ஏப்ரல் முதல் ஜப்பானில் அழகுப் பொருளின் எல்லாச் சேர்மானங்களையும் அட்டையில் எழுத வேண்டும். அதிகமாகச் சேர்ந்தது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசை. நூற்றுக்கு ஒன்றும் அதற்குக் குறைவும் ஆனவற்றை மட்டும் விருப்பமான வரிசையில் எழுதலாம்.

அழகுப் பொருள் என்ன பலன் தரும் என்று சொல்வதற்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். தோலை ஈரப்பதமாக வைக்கும், முடிக்குப் பளபளப்புத் தரும் என்பன போன்ற 56 வாசகங்களே அனுமதி. 2011 வரை 55 இருந்தன. வறட்சியால் வரும் நுண்சுருக்கங்களை மங்கலாகக் காட்டும் என்பது அந்த ஆண்டு சேர்ந்தது. அதற்கும் சோதனை செய்து பார்த்திருக்க வேண்டும். 'யுசு தடவினால் நோய் தீரும்' என்று ஓர் அழகுப் பொருளுக்கு விளம்பரம் செய்ய முடியாது. 2021 ஆகஸ்டு முதல், பொய்யான அல்லது மிகையான விளம்பரம் செய்து விற்றவரிடம் அந்த விற்பனைத் தொகையில் 4.5 சதவீதம் அரசு வசூலிக்க வழி செய்திருக்கிறார்கள். நாலரை சதவீதம் என்றால் மொத்த வியாபாரிக்கு லாபமே போய்விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லையா?

"பழம்தானே, என்ன செய்துவிடும்?" என்று நாம் சொல்லக் கூடாது. யுசு மிதக்கும் வெந்நீரில் குளித்தாலே மென்மையான சருமக்காரர்களுக்குச் சுரீர் என்று எரியும். தோல் எண்ணெயில் உள்ள பொருள்களே காரணம். லிமோனின் காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை உண்டாக்கும் தன்மை பெறுகிறது. அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில், பூசியபடியே விடும் சரக்கில் 0.001 சதவீதத்துக்கு மேலும், கழுவிவிடும் சரக்கில் 0.01 சதவீதத்துக்கு மேலும் லிமோனின் இருந்தால் அதன் பெயரைத் தனியாக எழுதச் சொல்கிறார்கள். எலுமிச்சை, பெர்கமாட் போன்றவற்றின் தோலை அழுத்திப் பிழிந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுப்பதும் உண்டு.

மளிகைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. கோதுமைப் புரதத்தைப் பக்குவப்படுத்திச் சேர்த்த ஒரு முகச் சோப்பு 2011இல் திரும்பப் பெறப்பட்டது. அதைத் தேய்த்துக் குளித்த 2,000 பேருக்கு மேல் ஒவ்வாமைக்கு ஆளானார்கள். அதுவரை தொல்லையின்றி ரொட்டியும் நூடுல்சும் சாப்பிட்டவர்கள், அதன்பின் கோதுமை சாப்பிட்டாலே உடம்பு தடித்து மூச்சுத் திணறினார்கள். கோதுமையைவிடப் பழகிய பொருள் எது? சாப்பிட நல்லது எல்லாம் பூசவும் நல்லது என்பதில்லை என்ற பாடத்தை அந்தச் சோப்பு கற்றுக்கொடுத்தது.

நமது கடையில் செய்ய வேண்டியவை

நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, இறக்குமதிச் சரக்குக்குப் பதிவுச் சான்று வேண்டும். அந்தப் பதிவு எண்ணும், பதிவு பெற்றவரின் பெயரும் முகவரியும் அட்டையில் இருக்க வேண்டும். சேர்மானங்களைக் கூடுதலில் இருந்து குறைவுக்கு என்ற வரிசையில் எழுதுவதும், நூற்றுக்கு ஒன்றும் அதற்குக் குறைவானவையும் கடைசியில் எந்த வரிசையிலும் வருவதும் இங்கும் உண்டு. ஆகவே கீழ்க்கண்டவற்றை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஒன்று: சரக்கு எடுக்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பதிவு எண் இல்லாத வெளிநாட்டுச் சரக்கை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொட வேண்டாம். பில் இல்லாமல் வருவதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டு: சேர்மானப் பட்டியலில் 'சிட்ரஸ் ஜூனோஸ்' என்ற பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதன் பின்னால் 'பீல் ஆயில்' என்றிருந்தால் தோல் எண்ணெய். 'சீட் ஆயில்' என்றிருந்தால் விதை எண்ணெய். 'எக்ஸ்ட்ராக்ட்' என்றிருந்தால் சாரம். அந்தப் பெயரே இல்லாமல் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' மட்டும் இருந்தால் அது வாசனைச் சரக்கு. பெயர் பட்டியலின் வாலில் இருந்தால் பங்கும் சிறிது என்று கொள்க.

மூன்று: விற்பனையாளர் பையன்களுக்கு ஒரே வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். "இது ஜப்பானில் விளையும் எலுமிச்சை வகை, இந்தச் சரக்கில் அதன் வாசனை இருக்கிறது" அல்லது "அதன் விதை எண்ணெய் இருக்கிறது" என்று, எது உள்ளதோ அதை மட்டும் சொல்லட்டும். "கரும்புள்ளி போகும், சிவப்பாகும்" என்ற பேச்சே வேண்டாம். புதிதாகப் பூசுகிறவர்களிடம் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு: வாசனை எண்ணெய் சேர்ந்த சரக்கை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் அதற்குப் பகை. பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கி, நாள் பார்த்துக் கழியுங்கள்.

உமாஜி ஊரார் தம் பழத்தில் புள்ளி இருப்பதை ஒளிக்கவில்லை. ஆள் பற்றாத மலைக் கிராமத்துப் பழம் இப்படித்தான் இருக்கும் என்பதை வெளிப்படையாகக் காட்டியே, வாங்குகிறவர்களை நிரந்தர வாடிக்கையாளர் ஆக்கிக்கொண்டார்கள். சாறு, தோல், விதை என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரிலேயே விற்றார்கள். அந்தப் பழத்தின் பெயரைத் தாங்கி வரும் சரக்கு நம் கல்லாவைத் தாண்டிப் போகும்போது, அதே நாணயத்தோடு போகட்டும். புட்டியைத் திருப்பிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் வாடிக்கையாளர் பெரிய அங்காடியை விட்டு நம் கடைக்கு வருகிறார்.